களத்துமேட்டுக் காவலும் காம்பவுண்டுக் காவலும்

சென்னையிலிருந்து மேற்கே திருவள்ளூர் செல்லும் இருப்புப் பாதையில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் ஆலயத்தைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், அங்கே நந்திதேவர் ஏனைய சிவாலயங்களிற்போல இறைவனை நோக்கி அமர்ந்திராமல், இறைவனுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்தபடி அமர்ந்திருப்பதைக் கண்டு ஆச்சரியம் கொள்வது வழக்கம். புழலில் கோட்டை அமைத்து வாழ்ந்த குறும்பர்களோடு தொண்டைமான் பொருது தளர்ந்தபோது, அவனுக்குத் துணையாகப் புறப்பட்ட கோலமே அது என்று ஸ்தல புராணம் காரணம் சொல்லும். கருவறைக்கு முன் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் அந்தக் குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை என்பதும் இப்பகுதி மக்களின் நம்பிக்கை. புராணத்தை அப்படியே சரித்திரமாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், கோட்டையும் வாயிலும் காவலும் இந்த நிலத்தின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்பதற்கு அந்தக் கதை ஒன்றே போதும்.

இன்று அதே அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தனிகர்களும் பிரமுகர்களும் கட்டும் இல்லங்களைப் பார்த்தால், உயர்ந்த மதிற்சுவர், அதன்மேல் கம்பிவேலி, இரும்புக் கேட்டு, கேட்டருகே கூண்டுபோன்ற ஓர் அறை, அந்த அறையில் சீருடை அணிந்த ஒரு மனிதர், அவர் தலைக்கு மேல் கண் இமைக்காத ஒரு கேமரா என்பதே பெரும்பாலும் அமைப்பாக இருக்கிறது. இது தொன்றுதொட்டு வந்த ஏற்பாடு அன்று. செல்வர் வீட்டுக்குத் தனிக் காவல் என்ற எண்ணமே இந்த வட்டாரத்துக்குப் புதியது. ஊர்க்காவல் என்ற பெரிய ஏற்பாட்டின் நிழலிலேயே நெடுங்காலம் பண்ணையார் வீடும் தங்கியிருந்தது. அந்தக் காவற்காரருக்கு ஊர் விளைச்சலில் பங்கு உண்டு. களவு போனால் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு. அந்தப் பங்கு எப்படிப் பறிபோயிற்று, அதற்குப் பதிலாக எது வந்தது என்பதே நான் இங்கே சொல்ல முற்படும் விருத்தாந்தம்.

காவல் தமிழகத்தில் மிகப் பிராசீனமானது. மதுரையின் இரவை வருணிக்கும் மதுரைக்காஞ்சி, நூலேணியோடு இருளில் ஒளிந்து திரியும் கள்வரையும், அவர்களைத் தேடி உறங்காது சுற்றும் ஊர்காப்பாளரையும் ஒருங்கே காட்டுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற பெயரில் ஒரு வரி மீண்டும் மீண்டும் வருகிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்த பொருள் அது. பேரரசின் கை தளர்ந்த பிற்காலத்தில் அந்தப் பாடிகாவல் உரிமை ஆங்காங்கே பலம் படைத்த தலைவர்களின் கைக்கு மாறியதையும், ஊரார் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டதையும் அதே கல்வெட்டுகளிலிருந்து அறிகிறோம். விஜயநகர காலத்தில் தலையாரிக்கம் என்ற வரியும் தோன்றியது. ஆக, காவலுக்குப் பொருள் கொடுப்பது செல்வரின் தனிச் செலவாக இல்லாமல் ஊரின் பொதுச் செலவாகவே பல நூற்றாண்டுகள் இருந்துவந்தது.

வீட்டின் அமைப்பும் அந்தக் காவலுக்கு இணங்கவே இருந்தது. தொண்டை நாட்டு மிராசுதாரர் வீட்டில் முதலில் தெருவை நோக்கிய திண்ணை; அதில் இரவில் வழிப்போக்கரும் வீட்டு வேலையாட்களும் படுத்திருப்பர். அவர்களைத் தாண்டாமல் நிலைவாசலை அடைய முடியாது. கனத்த பலகைகளால் செய்து பித்தளைக் குமிழ் பதித்த கதவு. அதற்கு உட்புறம் தாழ்ப்பாள். அதற்கும் மேல் சுவரின் இரு பக்கத்துத் துளைகளிலும் செருகும் குறுக்கு மரம். ரேழியைக் கடந்தால் முற்றம். வானம் பார்த்த அந்த முற்றத்தின் வழியே கள்வன் இறங்காதபடி மேலே இரும்புக் கம்பிகளைப் பாய்ச்சியிருப்பர். நெல்லைப் பத்தாயத்திலும் நகையைக் காமரா உள்ளிலும் வைத்தனர். ஜன்னல்கள் சிறியவை, வெளிச்சுவரில் சில வீடுகளில் ஜன்னலே கிடையாது. இத்தனைக்கும் அந்தச் சுவர் மண்சுவர் ஆனபடியால், கள்வன் கதவை நாடாமல் கன்னக்கோலால் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்தான். கன்னம் வைப்பது ஒரு வித்தையாகவே கருதப்பட்டது. சுவரையும் கதவையும் மட்டும் நம்பி எவரும் உறங்கவில்லை என்பதற்கு இதுவே காரணம். தெருவில் ஊர்க்காவற்காரரான தலையாரியின் குரல் கேட்டால்தான் வீட்டுக்குள் உறக்கம் வந்தது.

அந்தத் தலையாரிக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவிந்ததும், சர்க்கார் பங்கும் குடியானவன் பங்கும் பிரிவதற்கு முன்பே, கணக்கன், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான் ஆகியோரோடு தலையாரிக்கும் உரிய மேரை என்ற பங்கை அளந்து எடுத்துவைப்பர். இதன்றி மானிய நிலமும் சில ஊர்களில் உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய பிறகு, தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்து, வீடுகளையும் நிலத்தையும் விளைவையும், அந்த விளைவில் இன்னின்னாருக்கு இவ்வளவு என்ற பாகங்களையும் பதிவு செய்தார். பூந்தமல்லிச் சீமையும் அந்த ஜாகீரைச் சேர்ந்ததே. அந்தப் பதிவுகளில் ஊர்த் தலையாரியின் பாகத்தோடு, பல ஊர்களைச் சேர்த்துக் காவல் பார்த்த பாளையக்காரரின் பாகமும் காணப்படுகிறது. இந்தப் பாளையக்காரர், தெற்கே கோட்டை கொத்தளங்களோடு ஆண்ட பாளையக்காரர்களைப் போன்ற சிற்றரசர் அல்லர். காவலுக்குத் தலைவர், அவ்வளவே. 1794 முதல் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் இந்தக் காவல் ஸ்தாபனத்தைக் குறித்து விரிவாகவே எழுதிச் சென்றிருக்கிறார்.

களவு போன பொருளைக் கண்டுபிடிப்பது காவற்காரரின் கடமை. கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஈடு செய்வதும் அவர் கடமை என்பது இந்த ஏற்பாட்டின் சாரம். பண்ணையார் வீட்டு நகைக்கும் குடியானவன் வீட்டு மாட்டுக்கும் அவர் ஒருவரே உத்தரவாதி.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. காவற்கூலி கொடாதவர் வீட்டு மாடு மறுநாள் காணாமற்போவதும், துப்புக்கூலி கொடுத்ததும் அதே மாடு திரும்பி வருவதும் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் சர்வ சாதாரணமாக இருந்தன. அந்தத் தொல்லை பொறுக்க முடியாமல் 1896இல் திண்டுக்கல், மதுரை வட்டாரக் குடியானவர்கள் ஒன்றுகூடி நிதி திரட்டித் தாங்களே காவல் வைத்துக்கொண்டு, பழைய காவற்காரர்களை எதிர்த்துக் கலகம் செய்தனர். காக்கும் கை கவரும் கையாகவும் மாறக்கூடும் என்பதை அன்றைய மக்கள் நன்றாக அறிந்தேயிருந்தனர். ஆனால் அந்தக் கையைக் கணக்குக் கேட்கும் பாத்தியதையும் ஊராருக்கு இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

கம்பெனியாரும் தொடக்கத்தில் இந்த வழியையே கைக்கொண்டனர். 17ஆம் நூற்றாண்டில் சென்னைப்பட்டினத்தின் காவலைப் பெத்த நாயக்கர் என்ற பரம்பரை அதிகாரியிடம் ஒப்படைத்தனர். அவர் குறித்த எண்ணிக்கையில் பியூன்களை வைத்து இரவும் பகலும் நகரைக் காக்க வேண்டும். களவுபோன பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்கு ஊதியமாக வரியில்லாத நெல்வயலும், ஊருக்குள் வரும் சில சரக்குகளின் மேல் சிறு தீர்வையும் அவருக்கு உண்டு. ஜார்ஜ் டவுனின் பெத்தநாயக்கன்பேட்டை அவர் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. வெள்ளைக்காரத் துரைகளும் அவர்களுடைய துபாஷிகளும் சேர்த்த ஐசுவரியம் அனைத்தும், தொண்டை நாட்டுக் கிராமத்துத் தலையாரி முறையின் பெரிய உருவம் ஒன்றினாலேயே அன்று காக்கப்பட்டது.

பிறகு துரைகள் கோட்டையின் நெரிசலை விட்டுத் தோட்ட வீடுகளை நாடினார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், மவுண்ட் சாலையிலும், பரங்கிமலைப் பக்கத்திலும் பல ஏக்கர் பரப்புள்ள தோட்டங்களின் நடுவே தூண் வைத்த மாளிகைகள் எழுந்தன. கோட்டைச் சுவருக்கு வெளியே செல்வம் போய்த் தங்கியதும் அதன் அபாயமும் உடனே வெளிப்பட்டது. 1767இல் இளைஞர் திப்புவின் குதிரைப்படை மின்னலெனப் பாய்ந்து வந்து சென்னையின் புறநகர்த் தோட்ட வீடுகளைச் சூறையாடியது. 1780இல் ஹைதர் அலி பெரும் படையோடு இறங்கியபோது ஜாகீர் முழுவதுமே பாழாயிற்று. ஊர்க்காவலும் திண்ணையும் குறுக்கு மரமும் படையெடுப்பின் முன் என்ன செய்யும்? நகையைப் பானையில் இட்டுப் புதைத்துவிட்டு ஓடுவது ஒன்றே அன்றைக்கு வழியாக இருந்தது. ஹைதர் கலாபத்துக்கு முன், ஹைதர் கலாபத்துக்குப் பின் என்று பெரியவர்கள் காலத்தைக் கணக்கிடும் வழக்கம் இந்தச் சீமையில் நெடுநாள் இருந்ததும் அதனால்தான்.

இத்தகைய பயத்தினாலேயே கம்பெனியார் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவை நகரவாசிகளிடம் வரியாக வசூலிக்க நினைத்த கதைதான் இன்றைய வால்டாக்ஸ் சாலையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலுக்குள் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் இருந்தவர்களுக்கு அவரவர் தலைவிதி. காவல் என்பது ஒரு கோட்டுக்கு உள்ளே இருப்பவர்க்கே உரியது என்ற எண்ணம் இந்த மண்ணில் முதன்முதலாகக் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்துவந்த மாறுதல் மதிலைவிடப் பெரியது. 1802இல் கம்பெனி சர்க்கார் வங்காளத்தைப் பின்பற்றித் தாரோகா என்ற சம்பள உத்தியோகஸ்தரை நியமித்து, பாளையக்காரர், காவற்காரர் ஆகியோரின் பழைய அதிகாரத்தைக் கலைத்தது. தாரோகாவுக்கு ஊரும் தெரியாது, ஊராருக்குத் தாரோகாவிடம் நம்பிக்கையும் இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்குள்ளேயே அந்த ஏற்பாடு தோல்வியுற்று, 1816ஆம் ஆண்டின் 11ஆவது ரெகுலேஷன் கிராம முன்சீப்பையும் தலையாரியையும் மீண்டும் காவற் பொறுப்பில் அமர்த்தியது. ஆயினும் பழைய தலையாரி திரும்பி வரவில்லை. சர்க்காரின் கடைநிலைச் சேவகர் ஒருவரே அந்தப் பெயரில் வந்தார். ஈடு கொடுக்கும் பொறுப்பு போயிற்று. அதற்கு ஆதாரமாக இருந்த களத்துப் பங்கும் நாளடைவில் போயிற்று. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் மாகாணம் முழுமைக்கும் ஒரே போலீஸ் இலாகாவை உண்டாக்கியதும், ஊர்க்காவல் என்பது பெயரளவில் நின்றது.

பங்கு இழந்த காவற்குடிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி. 1871இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. காவலையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த சமூகங்கள் பல அதன்கீழ்ப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்யப்பட்டன. ஆண்மக்கள் கைரேகை வைக்கவும், இரவு நேரத்தில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. ஊரைக் காத்தவர்களின் சந்ததியே ஊருக்கு அபாயம் என்று சட்டம் எழுதிய அநியாயம், சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும்தான் நீங்கிற்று.

காவலுக்கு ஆள் பலம் குறையக் குறையப் பூட்டின் மதிப்பு உயர்ந்தது. 1897இல் பம்பாயில் அர்தேஷிர் கோத்ரேஜ் தொடங்கிய தொழிற்சாலையின் பூட்டுகளும், சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்தே வந்த இரும்புப் பெட்டிகளும் நம் மிராசுதாரர் வீடுகளுக்குள் நுழைந்தன. திண்டுக்கல்லிலிருந்து மாங்காய்ப் பூட்டு வந்தது. சாவியைத் திருப்பும்போது மணியடித்து வீட்டாரை எழுப்பும் பூட்டும் அங்கே கையாலேயே செய்யப்பட்டது. அந்த ஆசாரிகளின் கைவண்ணத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது பொருத்தமான மரியாதை. ஆனாலும் இரும்புப் பெட்டி வந்த வீட்டில்தான் பயமும் மிகுதியாயிற்று என்று சொல்ல வேண்டும். பத்தாயத்தில் பரவிக் கிடந்த செல்வம் ஒரே மூலையில், ஒரே சாவியில் வந்து குவிந்துவிட்டது அல்லவா!

சுதந்திரத்துக்குப் பின் இந்த வட்டாரத்தின் முகமே மாறியது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தோன்றியது; 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிசப் பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது; ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. ஏரிப் பாசன வயல்களின் மேல் ஆலைகளும், ஆலை முதலாளிகளின் பங்களாக்களும், உத்தியோகஸ்தர்களின் மனைப்பிரிவுகளும் எழுந்தன. களத்துமேடே இல்லாத இடத்தில் மேரை ஏது? ஆலை வாசலில் வாட்ச்மேன் நின்றார். தெருக்களுக்குக் கூர்க்கா வந்தார். 1950ஆம் ஆண்டு இந்திய நேபாள உடன்படிக்கை இரு நாட்டவரும் தடையின்றி வந்து தொழில் செய்ய வழி செய்திருந்தது. தலையில் தொப்பி, கையில் தடியும் டார்ச் விளக்கும், உதட்டில் விசில் என்று நடுநிசியில் தெருத் தெருவாகத் தடியைத் தட்டிக்கொண்டு சென்று, மாதத் தொடக்கத்தில் வீடு வீடாக நின்று கொடுத்ததை வாங்கிச் செல்லும் அந்த மனிதர், தம்மை அறியாமலே பழைய தலையாரியின் முறையைச் சிறிது காலம் உயிர்ப்பித்தார் என்றே நினைக்கிறேன். பங்களாக்காரரும் ஓட்டு வீட்டுக்காரரும் ஒரே கூர்க்காவுக்குப் பணம் கொடுத்தார்கள். ஒரே விசிலொலியில் உறங்கினார்கள்.

பிரமுகர்களின் கதை வேறு. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், ராமாவரம் தோட்டத்தில் வசித்த எம்.ஜி.ஆரின் வீட்டுக்கு வந்துபோவோருக்குக் கணக்கில்லை. 1967 ஜனவரி 12ஆம் நாள் மாலை, அறிமுகமானவர் என்ற உரிமையில் அந்த வீட்டுக்குள் வந்து அமர்ந்த எம்.ஆர். ராதா, பேச்சின் நடுவே அவரைச் சுட்டார். எந்த மதிலும் எந்தப் பூட்டும் தடுக்கக்கூடிய காரியம் அன்று அது. 1984 அக்டோபர் 31இல் பிரதமர் இந்திரா காந்தி தில்லியில் தம் இல்லத்து நடைபாதையில், தம் மெய்காவலர் கையாலேயே மாண்டபோது, காவற்காரரையே காவல் செய்ய வேண்டும் என்ற நிலைமைக்கு நாடு வந்தது. பிரதமரைக் காப்பதற்கென்றே தனிப்படை ஒன்று அமைந்து, அதற்கு 1988இல் சட்டமும் இயற்றப்பட்டது. பதவி விலகியபின் அந்தப் பாதுகாப்பு நீங்கியிருந்த ராஜீவ் காந்தி 1991 மே 21 இரவு பூந்தமல்லிக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் மாலையிட வந்தவர்களின் நடுவே கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, முன்னாள் பிரதமர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அந்தக் காவல் விரிந்தது. வழக்கு விசாரணை பூந்தமல்லித் தனி நீதிமன்றத்திலேயே நடந்து, 1998 ஜனவரி 28இல் தீர்ப்பும் அங்கேயே வெளியாயிற்று. அந்தத் திருத்தத்துக்குக் காரணமான கொலையின் கதை இந்தச் சாலையோரத்து ஊரில் சாட்சிகளின் வாய்மொழியாகப் பதிவாயிற்று என்பது பூந்தமல்லியின் சரித்திரத்தில் துயரமான ஓர் அத்தியாயம்.

2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில் தம் வீட்டிலேயே, விடிவதற்குள் புகுந்த கொள்ளைக் கூட்டத்தால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நெடுஞ்சாலையை ஒட்டி ஒதுங்கி நிற்கும் பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் அச்சம் குடிபுகுந்தது. அந்த ஆண்டிலேயே, கொலைக்கும் இதற்கும் சம்பந்தமின்றித்தான், தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. காவலுக்கு அனுப்பப்படுவோருக்குப் பொதுவாக வகுப்பறையில் 100 மணியும் களத்தில் 60 மணியும் பயிற்சி வேண்டும் என்று அதன் மாதிரி விதிகள் கூறுகின்றன. சென்னைக் காவல்துறை மூன்றாவது கண் என்று பெயரிட்டுத் தெருத்தோறும் கேமராக்களைப் பரப்பியது. 2022 ஜனவரி முதல் நாள் ஆவடி தனிப் போலீஸ் கமிஷனரகம் ஆயிற்று. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதன் எல்லைக்குள் வந்தன.

இவ்வளவும் வந்தபின் கேட்டருகே நிற்பவரின் நிலை என்ன? அஸ்ஸாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ, விழுப்புரத்துக் கிராமம் ஒன்றிலிருந்தோ வந்தவர் அவர். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். மாற்றாள் வராத நாளில் இருபத்துநான்கு மணி நேரமும் அவரே. வீட்டுக்காரர் முகமைக்குக் கொடுக்கும் தொகை ஒன்று, அவர் கைக்கு வந்து சேரும் தொகை வேறொன்று. சில மாதங்களில் வேறு கேட்டுக்கு மாற்றப்படுகிறார். ஆகையால் தெருவில் எவரையும் அவருக்குத் தெரியாது, அவரையும் எவருக்கும் தெரியாது. தலையாரிக்கு இருந்த களத்துப் பங்கும் இல்லை, ஊரறிந்த பெயரும் இல்லை. ராமாவரம் தோட்டத்து நிகழ்ச்சியும் தில்லி நிகழ்ச்சியும் காட்டியபடி, பெரும் அபாயம் மதிலைத் தாண்டி வருவதைக் காட்டிலும் வாசல் வழியே வருவதே அதிகம். வாசலில் நிற்பவரின் விழிப்பும் விசுவாசமுமே அப்போது துணை. அவற்றைக் குறைந்த கூலிக்கு, மாதம் ஒரு புதிய முகமாக வாங்கிவிடலாம் என்று செல்வர்கள் எண்ணுவது பெரும் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே, அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ புதிதாக இல்லம் எழுப்பும் அன்பர்களுக்கும், அடுக்ககச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் என் விண்ணப்பம் இது: கேமரா எந்த மூலையில் என்று வரைபடத்தில் குறிக்கும்போதே, காவற்காரருக்கு மின்விசிறியுள்ள ஓர் அறையையும் ஒரு கழிப்பறையையும் குறியுங்கள், மூன்று ஷிப்ட்டுக்கு மூன்று பேரை வையுங்கள், முகமை அவருக்கு உண்மையில் என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள், பொங்கலுக்கு ஒரு மாதச் சம்பளம் அவர் கையிலேயே கொடுங்கள்.